ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு

2011ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் தேதி, டிரினிடாட் தீவின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில், ஹயாத் ரீஜன்சி ஓட்டலில், கரீபியன் தீவுகளின் கால்பந்துச் சங்கப் பிரதிநிதிகள் கூடியிருந்தார்கள். உலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபாவின் தலைவர் பதவிக்குப் போட்டியிட முன்வந்திருந்த கத்தார் நாட்டு முகமது பின் ஹம்மாம், அவர்கள் முன் பேசித் தமக்கு ஆதரவு கேட்டார். பேச்சு முடிந்த பிறகு, பிரதிநிதிகள் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட அறைக்குத் தனித்தனியே சென்று ஓர் அன்பளிப்பைப் பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. பஹாமாஸ் சங்கத்தின் துணைத் தலைவர் தம் முறை வந்தபோது போனார். தம் நாட்டின் பெயர் கையால் எழுதப்பட்டிருந்த ஒரு பழுப்பு நிறக் காகித உறையை அவரிடம் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தபோது நூறு டாலர் நோட்டுகள் நான்கு கட்டுகளாக வெளியே விழுந்தன. மொத்தம் 40,000 டாலர். அவர் தம் சங்கத் தலைவருக்குத் தகவல் அனுப்பினார். அந்தப் பணத்தைத் தொடக் கூடாது என்று அவர்களுக்குள் முடிவாயிற்று. திருப்பிக் கொடுப்பதற்கு முன் நோட்டுகளையும் உறையையும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டார். பிற்பாடு பத்திரிகைகளில் வெளிவந்த அந்தப் படத்தை நான் பல முறை உற்றுப் பார்த்திருக்கிறேன். அழகாக எழுத வேண்டும் என்ற சிரமம்கூட இல்லாமல், அரிசி மூட்டையில் கடைக்காரர் பெயர் எழுதுவதுபோல, ஒரு தேசத்தின் பெயர் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

கால்பந்தில் எந்தப் பெருமையும் தேடிக்கொண்டிராத சின்னஞ்சிறு தீவுகளின் சங்கத்தாருக்கு ஒருவர் ஏன் இவ்வளவு பணம் கொடுக்க வேண்டும்? விடை ஃபிஃபாவின் சாசனத்தில் இருக்கிறது. அதன் மாநாட்டில் ஒரு நாட்டுச் சங்கத்துக்கு ஒரு வாக்கு. எழுபது லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஜெர்மானியச் சங்கத்துக்கும் ஒன்றுதான். மக்கள்தொகையே ஐயாயிரம் இருந்தால் அதிகம் என்னும்படியான மாண்ட்செராட் தீவின் சங்கத்துக்கும் ஒன்றுதான். ஊழலுக்கு வேர் இந்தச் சமத்துவமே என்றும், சிறிய நாடுகளுக்கு வாக்குக் கொடுத்ததனாலேயே வாக்கு விலைப்பொருளாயிற்று என்றும் ஐரோப்பியப் பத்திரிகைகளில் பலர் எழுதிவருகிறார்கள். அந்த அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. ஃபிஃபாவின் சரித்திரத்தை ஆதியிலிருந்து படித்தால், அநீதியை எதிர்த்து எழுந்த ஒரு நியாயமான குரலைச் சாமர்த்தியசாலிகள் சிலர் தங்கள் மூலதனமாக்கிக்கொண்ட விதமும், வாக்குக் கேட்பவன் கையிலேயே பணப்பெட்டியின் சாவியும் இருந்துவிட்டதனால் விளைந்த கேடும்தான் கண்ணில் படுகின்றன.

ஃபிஃபா 1904ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் தேதி பாரிஸ் நகரில், ஏழு ஐரோப்பிய நாடுகளின் பெயரால் தொடங்கப்பட்டது. முதல் அறுபது எழுபது ஆண்டுக் காலம் அது ஐரோப்பியக் கனவான்களின் கழகமாகவே நடந்துவந்தது என்று சொல்வதில் தவறில்லை. அந்தக் காலத்தின் கடைசிப் பிரதிநிதி, 1961 முதல் 1974 வரை தலைவராயிருந்த ஆங்கிலேயர் சர் ஸ்டான்லி ரௌஸ். பள்ளி ஆசிரியராகவும் பேர் பெற்ற நடுவராகவும் இருந்து, 1938இல் ஆட்ட விதிகளைத் திருத்தித் தெளிவாக எழுதிக்கொடுத்தவர். பண விஷயத்தில் கை சுத்தமானவர். ஆனால் உலகம் மாறிவிட்டதை அந்தச் சுத்தமான மனிதர் பார்க்கவில்லை. நிற ஒதுக்கல் கொள்கையால் தென்னாப்பிரிக்கச் சங்கம் தள்ளிவைக்கப்பட்டிருந்த சமயத்தில், 1963இல் அந்நாட்டுக்கு நேரில் போய்வந்த அவர், தடையை நீக்கும்படி செய்தார். அடுத்த ஆண்டே டோக்கியோ மாநாட்டில் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் ஒன்றுகூடி அதை மீண்டும் விதிக்க வேண்டியிருந்தது.

1966 உலகக் கோப்பைக்கு இடங்களைப் பங்கிட்ட விதம் இதைவிடக் கொடுமை. மொத்தமுள்ள பதினாறு இடங்களில் ஐரோப்பாவுக்குப் பத்து, தென்னமெரிக்காவுக்கு நான்கு, வட, மத்திய அமெரிக்காவுக்கும் கரீபியனுக்கும் சேர்த்து ஒன்று. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓஷியானியா என்று பூமியின் பெரும்பாகத்துக்கும் சேர்த்து எஞ்சிய ஒரே ஓர் இடம். ஆப்பிரிக்காவில் வென்றவர்கள் அதற்குமேல் ஆசியாவில் வென்றவர்களையும் வென்றாக வேண்டும். புதிதாகச் சுதந்திரம் பெற்று, தங்கள் கொடி ஏதாவது ஓர் அரங்கத்தில் பறக்காதா என்று ஏங்கியிருந்த ஆப்பிரிக்க நாடுகள், கானாவின் முயற்சியால் ஒன்றுபட்டு, அந்தப் போட்டியையே புறக்கணித்தன. நான்கு ஆண்டுகள் கழித்து ஆப்பிரிக்காவுக்கு ஒரு தனி இடம் கிடைத்தது அந்தப் புறக்கணிப்பின் பலனே.

1973ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த ஒரு காட்சியையும் இங்கே சொல்ல வேண்டும். சிலி நாட்டில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி, தலைநகர் சாந்தியாகோவின் தேசிய விளையாட்டரங்கத்தையே சிறைக்கூடமாக்கி, ஆயிரக்கணக்கானவர்களை அங்கே அடைத்து வதைத்திருந்தது. அந்த மைதானத்தில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தை ஆட மாட்டோம், வேறிடம் கொடுங்கள் என்று சோவியத் யூனியன் கேட்டபோது, ஃபிஃபாவின் குழு போய்ப் பார்த்துவிட்டு, ஆட்டத்துக்குத் தடையில்லை என்று சான்று கொடுத்தது. குறித்த நாளில் எதிரணி வரவில்லை. சிலி ஆட்டக்காரர்கள் தங்களுக்குள்ளேயே பந்தைத் தட்டிக்கொண்டு போய், காவலர் இல்லாத இலக்குக்குள் உதைத்துவிட்டு, உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். விதிப்புத்தகத்தை எழுதிய கைக்கு, விதிக்கு அப்பால் ஒரு நியாயம் இருப்பது தெரியவில்லை.

இந்த மனத்தாங்கல்களையெல்லாம் ஒருவர் கவனமாகக் குறித்து வைத்துக்கொண்டிருந்தார். பிரேசிலைச் சேர்ந்த ஜோவாவ் ஹாவலாஞ்ஜ், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நீந்தியவர். பேருந்துப் போக்குவரத்தில் பொருள் சேர்த்தவர். பிரேசில் மூன்று முறை உலகக் கோப்பை வென்றபோது அந்நாட்டு விளையாட்டுச் சம்மேளனத்தின் தலைவர். இவர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நாடு நாடாகப் பிரயாணம் செய்து, அதுவரை எந்த ஃபிஃபா தலைவரும் படியேறாத அலுவலகங்களின் படியேறி, உலகக் கோப்பையில் இடங்களைக் கூட்டுவேன், இளைஞர்களுக்கென்று தனிப் போட்டி நடத்துவேன், பயிற்சியாளர்களையும் மருத்துவர்களையும் அனுப்புவேன், தென்னாப்பிரிக்காவை உள்ளே விட மாட்டேன் என்று வாக்குறுதிகள் கொடுத்தார். 1974ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி ஃபிராங்க்ஃபர்ட் மாநாட்டில் 68க்கு 52 என்ற கணக்கில் ரௌஸ் தோற்றார். அந்த வாக்குறுதிகள் பெரும்பாலும் நிறைவேறின என்பதை மறைக்கக் கூடாது. 1976இல் தென்னாப்பிரிக்கா அடியோடு வெளியேற்றப்பட்டது. 1977இல் துனீசியாவில் இளைஞர் போட்டி நடந்தது. 1982இல் உலகக் கோப்பை 24 அணிகளாகவும், 1998இல் 32 அணிகளாகவும் விரிந்தது. கேமரூனும் செனகலும் உலகை வியக்க வைத்த நாள்கள் அந்த விரிவினால் வந்தவை. ஊழலின் கதையைச் சொல்ல வருகிறவர்கள் இந்த அத்தியாயத்தை விட்டுவிட்டுச் சொல்வதனால்தான், ஏழை நாடுகள் ஏன் இத்தனை காலம் அந்தத் தலைமையை விடாமல் பற்றிக்கொண்டிருந்தன என்பது அவர்களுக்கு விளங்காமற் போகிறது.

வாக்குறுதிகளை நிறைவேற்றப் பணம் வேண்டும். ஜூரிச்சில் இருந்த அலுவலகத்தில் அது இல்லை. வழி காட்டியவர் அடிடாஸ் நிறுவனத்தின் ஹோர்ஸ்ட் டாஸ்லர். கோகோ கோலா போன்ற பெருங்கம்பெனிகளிடம் விளம்பர உரிமையையும், தொலைக்காட்சி நிலையங்களிடம் ஒளிபரப்பு உரிமையையும் மொத்தமாக விற்று, அந்த வருவாயைக் கொண்டு விளையாட்டை நடத்தும் முறையை ஆங்கிலேயர் பாட்ரிக் நாலியோடு சேர்ந்து அவர் வகுத்தார். 1982இல் அதற்கென்றே ஒரு கம்பெனியும் தொடங்கினார். அதன் பெயர்ச்சுருக்கம் ஐ.எஸ்.எல்.; இந்நாளில் நம் நாட்டில் நடக்கும் போட்டித்தொடரின் பெயரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தொலைக்காட்சி எஜமானன் ஆனதும் ஆட்டக்காரனின் நிலை என்னவாயிற்று என்பதை நாங்களே கண்ணால் கண்டோம், அப்போது புரிந்துகொள்ளவில்லை. 1986இல் மெக்சிகோவில் அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் ஆடிய காலிறுதி ஆட்டத்தை, இரவு பதினொன்றரை மணிக்கு, தெருவில் தொலைக்காட்சி இருந்த ஒரு வீட்டுத் திண்ணையிலும் ஜன்னலிலும் தொற்றிக்கொண்டு பார்த்தோம். திரையில் ஆட்டக்காரர்களின் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. அங்கே உச்சி வெயில். ஐரோப்பாவில் மாலை நேரத்தில் ஒளிபரப்பு வரவேண்டும் என்பதற்காக, கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அவர்களை ஓடவிட்டிருந்தார்கள். மரடோனா முதலானோர் முறையிட்டும் பயனில்லை. அந்தப் போட்டி மெக்சிகோவுக்குப் போனதில் முன்னின்றவர் கில்யெர்மோ கன்யேதோ. ஒரே சமயத்தில் ஃபிஃபாவின் துணைத் தலைவராகவும், மெக்சிகோவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனமான டெலிவிசாவின் உயர் அதிகாரியாகவும் இருந்தவர். விற்பவரும் வாங்குபவரும் ஒரே மேஜையின் ஒரே பக்கத்தில் உட்காருவது அப்போதே வழக்கமாகிவிட்டது.

ஐ.எஸ்.எல். கம்பெனியின் கதையில் சற்று நிதானமாக நிற்க வேண்டும். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இதுதான் மாதிரி. 1996இல் ஃபிஃபா, 2002, 2006 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளின் ஒளிபரப்பு உரிமையை, ஜெர்மானியக் கிர்ஷ் நிறுவனத்துக்கும் இக்கம்பெனிக்கும் சேர்த்து 280 கோடி சுவிஸ் பிராங்குக்கு விற்றது. 2001இல் ஐ.எஸ்.எல். திவாலாயிற்று. திவாலான கம்பெனியின் கணக்கை நோண்டும் அதிகாரிகளுக்கு, எவருக்கென்று தெரியாத பெயர்களில் போன தொகைகள் கண்ணில் பட்டன. சானுட், ரென்ஃபோர்ட் என்று பெயர்ப்பலகைக்கு மட்டும் இருந்த கம்பெனிகள். லீக்டன்ஸ்டைனில் ஓர் அறக்கட்டளை. அவற்றின் வழியாக விளையாட்டு நிர்வாகிகளுக்குப் போய்ச்சேர்ந்த பணம். 2008இல் சுவிட்சர்லாந்தின் ட்சூக் நகர நீதிமன்றத்தில், 1989 முதல் 2001 வரை இவ்விதம் கொடுக்கப்பட்ட மொத்தத் தொகை ஏறத்தாழ 13 கோடியே 80 லட்சம் பிராங்க் என்று சொல்லப்பட்டது. ஹாவலாஞ்ஜும், அவருக்கு ஒரு காலத்தில் மருமகனாயிருந்து பிரேசில் சங்கத்தின் தலைவரான ரிக்கார்டோ டெய்ஷெய்ராவும் வாங்கியவர்கள் என்பது 2012 ஜூலையில் வெளியான நீதித்துறை ஆவணத்தால் ஊரறியத் தெரிந்தது. டெய்ஷெய்ராவுக்குப் போனது மட்டும் ஒரு கோடியே 27 லட்சம் பிராங்குக்குக் குறையாது.

அந்த ஆவணத்தில் இரண்டு விவரங்கள் என்னை உறங்கவிடவில்லை. ஒன்று, ஹாவலாஞ்ஜுக்கென்று அனுப்பிய, பத்து லட்சம் பிராங்குக்குக் குறையாத ஒரு தொகை, யாரோ செய்த பிசகினால் நேரே ஃபிஃபாவின் வங்கிக் கணக்கிலேயே வந்து விழுந்துவிட்டது. கணக்கு அதிகாரி பார்த்தார். மேலே இருந்தவர்களுக்கும் தெரிந்தது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பெயர் தெரியாத நூறு ரூபாய் வரவானாலும் காரணம் கேட்பார்கள். இங்கே தலைவர் பெயருக்கு ஒரு வியாபாரியிடமிருந்து இத்தனை பெரிய தொகை வந்ததைக் கண்டும், யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அப்போது பொதுச் செயலாளராயிருந்தவர் செப் பிளாட்டர். பிற்காலத்தில் ஃபிஃபாவின் நெறிமுறை நீதிபதி ஹான்ஸ் யோவாகிம் எக்கெர்ட், பிளாட்டர் நடந்துகொண்ட விதம் சாமர்த்தியக் குறைவு என்பதற்குமேல் குற்றமென்று சொல்வதற்கில்லை என்று 2013இல் முடிவெழுதினார்.

மற்றொன்று இதைவிடக் கசப்பானது. அந்த இருவரிடமிருந்தும் பணத்தைத் திரும்பப் பெற ஃபிஃபா ஏன் முயலவில்லை என்று சட்ட அதிகாரிகள் கேட்டபோது, தென்னமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் கைக்கூலி என்பது பெரும்பாலான மக்களின் வழக்கமான ஊதியத்தில் ஒரு பகுதியே ஆகும் என்னும் கருத்துப்பட ஃபிஃபாவின் வழக்கறிஞர்கள் வாதாடியிருக்கிறார்கள். எந்த மக்களின் மானத்தைக் காப்பதாகச் சொல்லி 1974இல் ஆட்சியைப் பிடித்தார்களோ, அந்த மக்கள்மீதே பழியைத் தூக்கிப் போட்டுத் தங்கள் திருட்டுக்குச் சமாதானம் தேடினார்கள். வயலில் நாற்று நட்டும் சந்தையில் காய் விற்றும் பிழைக்கிற எத்தனை கோடிப் பேரை ஒரே வாக்கியத்தில் லஞ்சக்காரர்கள் ஆக்கினார்கள் என்று எண்ணும்போது, தொகையின் பெருமையைக் காட்டிலும் இந்த வாதத்தின் சிறுமைதான் நெஞ்சை அறுக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் தண்டனை ஏன் இல்லை? அக்காலச் சுவிஸ் சட்டத்தில் அரசாங்க ஊழியருக்கு லஞ்சம் கொடுப்பது குற்றம்; தனியார் சங்கத்து நிர்வாகிக்குக் கொடுப்பது குற்றமில்லை. ஃபிஃபாவோ, அந்நாட்டுச் சிவில் சட்டத்தின் அறுபதாவது பிரிவின் கீழ், ஒரு கிராமத்துப் பாட்டுக் கழகத்தைப் போலவே பதிவான லாபநோக்கில்லாத சங்கம். 2019 முதல் 2022 வரை நான்கு ஆண்டுகளில் 757 கோடி டாலர் வருமானம் கண்ட ஸ்தாபனம் இன்றும் அந்தப் பிரிவின் நிழலில்தான் இருக்கிறது. ஹாவலாஞ்ஜும் டெய்ஷெய்ராவும் இழப்பீட்டுத் தொகை கட்டியதன்மேல் வழக்கு 2010இல் முடித்துவைக்கப்பட்டது. ஹாவலாஞ்ஜ் 2013இல் கௌரவத் தலைவர் பட்டத்தைத் துறந்தார். 2016இல் நூறு வயது நிறைந்து காலமானார்.

1998இல் பாரிஸில் 111க்கு 80 என்று வென்று தலைவரான பிளாட்டர், தமக்கு முந்தியவரின் முறையை ஒழுங்குபடுத்தி ஒரு நிர்வாகத் திட்டமாக்கினார். அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு சங்கத்துக்கும் வருஷத்துக்கு 2,50,000 டாலர் உதவித்தொகை. மாண்ட்செராட்டுக்கும் அதே, ஜெர்மனிக்கும் அதே. ஜெர்மனிக்கு அது தேநீர்ச் செலவு; மாண்ட்செராட்டுக்கு அது சங்கத்தின் உயிர். 2010இல், அடுத்த தலைவர் தேர்தலுக்கு ஓராண்டு இருக்கையில், ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் ஒவ்வொரு சங்கத்துக்கும் இன்னொரு 2,50,000 டாலர் விசேஷ அன்பளிப்பு அறிவிக்கப்பட்டது. சட்டப்படி இதில் பிசகில்லை. பணம் ஃபிஃபாவின் பணம். கொடுப்பது சாசனத்துக்கு உட்பட்டது. ஆனால் பெறுகிறவர் அதைத் தம் உரிமையாக நினைக்கவில்லை, தலைவர் செய்த உபகாரமாகவே நினைத்தார். அந்த நினைப்பு நிலைத்துவிட்ட பிறகு போர்ட் ஆஃப் ஸ்பெயின் உறைக்கு அதிகத் தூரம் இல்லை. பகிரங்கமாக மேடையில் கொடுத்ததை ஒருவர் மூடிய அறையில் கொடுத்தார், அவ்வளவே.

டிரினிடாடில் துனாபுனாவுக்கு அருகே மக்கோயா என்ற இடத்தில், ஹாவலாஞ்ஜின் பெயரால் ஒரு பயிற்சிக் கேந்திரம் எழுந்தது. ஃபிஃபா கொடுத்தது ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் டாலர். கரீபியன் சிறுவர்கள் பந்து பழக வேண்டிய அந்தக் கட்டிடம், வட்டாரச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த ஜாக் வார்னரோடு சம்பந்தப்பட்ட கம்பெனிகளுக்குச் சொந்தமான மனையில் கட்டப்பட்டது என்பதை, பார்படோஸின் முன்னாள் பிரதம நீதிபதி தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2013இல் அறிவித்தது. வார்னர் தம்மீது சொல்லப்பட்ட குற்றங்களை மறுத்தே வந்திருக்கிறார். அதே தீவின் அணி 2006இல் முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போனது. அதுவரை தகுதி பெற்ற நாடுகளில் மிகச் சிறியது அதுவே. ஊர் திரண்டு கொண்டாடிய அந்த ஆட்டக்காரர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட பங்கைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. வியர்வை ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம்.

வார்னருக்கு வலக்கையாயிருந்த அமெரிக்கர் சக் பிளேசர், தம் சம்மேளனத்துக்கு வந்த ஒப்பந்தங்களில் நூற்றுக்குப் பத்துத் தரகு எடுத்துக்கொண்டு, நியூயார்க்கின் டிரம்ப் மாளிகையில் வாழ்ந்தவர். வருமான வரி கட்டாமல் அகப்பட்டு, தண்டனைக்குப் பயந்து துப்புக் கொடுப்பவராக மாறினார். அவர் கொடுத்த துப்பும் சேர்ந்து திரண்டதுதான் 2015இன் வழக்கு. அதற்கு முன், 2010 டிசம்பர் 2ஆம் தேதி, இரண்டு உலகக் கோப்பைகளை ஒரே நாளில் ரஷ்யாவுக்கும் கத்தாருக்கும் கொடுத்த வாக்கெடுப்பு நடந்தது. 24 பேர் வாக்களிக்க வேண்டிய செயற்குழுவில், வாக்கை விற்கத் துணிந்ததாகப் பத்திரிகை வெளியிட்ட செய்தியால் இருவர் முன்னதாகவே விலக்கப்பட்டிருக்க, 22 பேர் வாக்களித்தார்கள். ஃபிஃபாவின் சொந்த ஆய்வாளர்களே அதிக அபாயமுடையது என்று குறித்திருந்த கத்தார், இறுதிச் சுற்றில் அமெரிக்காவை 14க்கு 8 என்று வென்றது. அதை விசாரிக்க அமர்த்தப்பட்ட மைக்கேல் கார்சியா எழுதிய அறிக்கையை வெளியிடாமல், அதன் சுருக்கமென்று எக்கெர்ட் 42 பக்கம் வெளியிட, அது தம் அறிக்கையின் சுருக்கமே அன்று என்று கார்சியா பதவியை விட்டார்.

2015 மே 27ஆம் தேதி விடியற்காலையில், ஜூரிச்சின் பவுர் ஓ லாக் ஓட்டலில் சுவிஸ் போலீசார் புகுந்து ஏழு நிர்வாகிகளைக் கைது செய்தார்கள். வெளியே புகைப்படக்காரர்கள் காத்திருந்தார்கள். கைதானவர்களின் முகம் தெரியாதிருக்கும்படி ஓட்டல் ஊழியர்கள் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இருபத்து நான்கு ஆண்டுகளில் 15 கோடி டாலருக்கு மேல் லஞ்சமாகக் கைமாறியதாக அமெரிக்க அரசாங்கத்தின் குற்றப்பத்திரிகை கூறிற்று. உலகம் முழுவதும் இதைப் பார்த்தது. ஆயினும் இரண்டே நாள் கழித்து, அதே நகரத்தில் கூடிய மாநாட்டில், பிளாட்டருக்கு 133 வாக்கு விழுந்தது. எதிர்த்து நின்ற ஜோர்டான் இளவரசர் அலிக்கு 73.

இந்த 133 பேரும் திருடர்கள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். உறையைத் திருப்பிக் கொடுத்த பஹாமாஸ் மனிதரைப் போன்றவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். மழை பெய்தால் குளமாகிற ஒரே மைதானம், சம்பளத்துக்கு ஃபிஃபாவின் காசோலையை எதிர்பார்க்கிற ஒரே எழுத்தர் என்று இருக்கிற சங்கத்தின் செயலாளர், புதிதாக வருகிற ஐரோப்பிய ஆதரவு பெற்ற தலைவர் அந்தக் காசோலையை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து வாக்களிக்கிறார். ரௌஸின் காலத்தை அவர்கள் மறக்கவில்லை. மறக்கச் செய்யும்படி ஐரோப்பாவும் எதுவும் செய்யவில்லை. நான்கு நாள் கழித்து, ஜூன் 2ஆம் தேதி, பிளாட்டர் தாமே விலகப்போவதாக அறிவித்தார். 2011இல், ஐரோப்பியச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த மிஷேல் பிளாட்டினிக்குக் கொடுத்த 20 லட்சம் பிராங்குக்காக இருவரும் ஃபிஃபாவால் தடை செய்யப்பட்டார்கள். அந்த விஷயத்தில் சுவிஸ் நீதிமன்றங்கள் 2022லும் 2025லும் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தன என்பதையும் நடுநிலையோடு சொல்லியாக வேண்டும். நியூயார்க்கில் பறிமுதலான பணத்தில் 20 கோடி டாலருக்கு மேல், ஊழலால் பாதிக்கப்பட்ட கட்சி என்ற முறையில், ஃபிஃபாவும் அதன் இரண்டு வட்டாரச் சம்மேளனங்களும் திரும்பப் பெற உரியவை என்று 2021இல் தீர்மானிக்கப்பட்டது.

2016 பிப்ரவரியில் தலைவரான ஜியானி இன்ஃபான்டினோ சீர்திருத்தத்தின் பெயரால் வந்தவர். தேர்தலில் அவர் முன்வைத்த வாக்குறுதி, ஒவ்வொரு சங்கத்துக்கும் நான்கு ஆண்டுகளில் 50 லட்சம் டாலர். 2023 முதல் 2026 வரையிலான நான்கு ஆண்டுகளுக்கு அது 80 லட்சம் வரை உயர்ந்தது. முன்னைவிடத் தணிக்கை கண்டிப்பாக இருக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் கொடுக்கும் கை எதுவோ அதுவே வாக்குக் கேட்கும் கையாகவும் இருக்கிறது. 2017இல், ரஷ்யத் துணைப் பிரதமர் விட்டாலி முட்கோ ஃபிஃபா கவுன்சிலுக்குத் தகுதியற்றவர் என்று முடிவுசெய்த கண்காணிப்புக் குழுத் தலைவர் மிகேல் மதூரோ சில வாரங்களில் பதவியிழந்தார்; நெறிமுறைக் குழுவின் இரண்டு தலைவர்களுக்கும் பதவி நீட்டிப்பு மறுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான விசாரணைகள் பாதியில் நிற்பதாக அவ்விருவரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெளியார் தலையிடக் கூடாது என்ற விதி இதற்கெல்லாம் கோட்டைச் சுவர். அமைச்சர்கள் தங்கள் உறவினரைச் சங்கத்தில் புகுத்துவதைத் தடுப்பதற்கு அந்த விதி அவசியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே சுவர் உள்ளே இருப்பவரையும் கேள்வியிலிருந்து காக்கிறது. நம் நாட்டிலேயே பார்த்தோம். பதவிக்காலம் 2020 டிசம்பரிலேயே முடிந்தும் விலகாதிருந்த அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளன நிர்வாகத்தை, 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அகற்றி மூவர் குழுவை அமர்த்தியது. மூன்றாம் தரப்பின் தலையீடு என்று காரணம் காட்டி, ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. பதவியை விடாமலிருந்தவர்களுக்கு அதனால் நஷ்டமில்லை. ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போய்ச் சேர்ந்திருந்த கோகுலம் கேரளா மகளிர் அணியோ, பெட்டியைப் பிரிப்பதற்குள் ஆட முடியாதென்று கேட்டுத் திரும்பி வந்தது. குழு கலைக்கப்பட்டதும் தடை நீங்கிற்று. அடுத்த ஆண்டு ஜனவரியில் இதே காரணத்துக்காகத் தடைக்குள்ளான இலங்கை, ஏழு மாதம் வெளியே நிற்க வேண்டியிருந்தது.

வாக்குச் சமத்துவத்தைக் குறைப்பது மருந்தாகாது; 1966இன் அநியாயத்துக்கே அது திரும்பக் கொண்டுபோய் விடும். ஒவ்வொரு சங்கத்துக்கும் சேர வேண்டிய தொகையை, தேவையை அளந்து, எழுதிவைத்த ஒரு சூத்திரத்தின்படி, தலைவரின் கைக்கு எட்டாத ஒரு நிதிக்குழு கொடுக்கட்டும். தேர்தலுக்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் அந்தச் சூத்திரத்தை மாற்றக் கூடாதென்றிருக்கட்டும். பெற்ற சங்கம் எந்த மைதானத்துக்கு, எந்தப் பயிற்சியாளருக்கு என்று தன் கணக்கைத் தன் நாட்டு மொழியில் அச்சிடட்டும். அப்போது மாண்ட்செராட்டின் செயலாளர் எவருக்கும் கடமைப்படாமல் வாக்குச்சீட்டை மடிக்கலாம்.

2024 டிசம்பர் 11ஆம் தேதி ஃபிஃபாவின் மாநாடு காணொளி வழியாகக் கூடியது. 2034 உலகக் கோப்பையை நடத்த விண்ணப்பித்திருந்தது சவூதி அரேபியா ஒன்றே. 211 சங்கங்கள் உறுப்பினராயுள்ள அந்தச் சபையில் வாக்குச்சீட்டு எடுக்கப்படவில்லை. சம்மதமானவர்கள் கைதட்டித் தெரிவிக்கலாம் என்றார் தலைவர். திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரிந்த பிரதிநிதிகள், முகத்துக்கு நேரே கையை உயர்த்தித் தட்டினார்கள். நார்வேயின் சங்கம் மட்டும் இந்த நடைமுறைக்குத் தன் மறுப்பை முன்கூட்டியே கடிதமாக எழுதி, நடவடிக்கைக் குறிப்பில் அதைப் பதிவுசெய்யும்படி கேட்டிருந்தது.